நாக்குச் செத்த நாட்களில் சாப்பிட்டவை

1

போன கோடையில் என் கணவருக்கு மருமகன் முறையான ஒருவர் கோப்பாயிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நின்றார். திரும்பிப் போவதற்கு முதல்நாள், "மாமி, ரொறன்ரோவில நல்ல சாப்பாட்டுக்கடை எண்டால் எதைச் சொல்லுவியள்?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் இரண்டு கடைகளைச் சொன்னேன். ஒன்று லோரன்ஸ் வீதியில் இருக்கும் பீட்சாக் கடை. மற்றது வோபர்னில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட, காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடைக்குப் பக்கத்தில் இருக்கும் டாக்கோக் கடை. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கொத்துரொட்டி, இடியப்பம் என்று தொடங்குவேன் என எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"உதுகள் பிள்ளையள் சாப்பிடுறது எல்லோ மாமி" என்றார்.

அவருக்கு அன்றைக்கு முழுக்கதையையும் சொல்ல முடியவில்லை. பெட்டி கட்டுகிற அவசரம். ஊரில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறவள் அல்ல. கலியாணத்துக்கு முன்பு, கனடா வருவதற்காக அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஏஜென்சிக்காரர் இந்தக் கிழமை என்பார், பிறகு அடுத்த கிழமை என்பார். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. மூன்று நேரமும் கடைப் பார்சல்தான். பேப்பரில் சுற்றிய சோறு, அதற்குள் பருப்பும் ஒரு துண்டு மீனும். பொலிஸ் சோதனைக்குப் பயந்து, வாங்கப் போகிறவர் கொண்டுவரும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு இருப்போம். அந்தச் சோற்றை விழுங்கும்போது எனக்கென்று ஒரு குசினி கிடைத்தால் அதற்குள் கடைச் சாப்பாட்டை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

குசினி கிடைத்தது. முதலில் ஒரு நிலக்கீழ் அறையில், பிறகு அடுக்குமாடியில், கடைசியாக இந்த வீட்டில். நான் பல் செய்யும் லாப் ஒன்றில் வேலை செய்கிறேன். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து பல்லுக்கு மேலே மாட்டும் உறைகளைச் செதுக்குகிற வேலை. என் கணவர் மிசிசாகாவில், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பகுதியில் இருக்கிறார். எவ்வளவு வேலை இருந்தாலும் இவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் என் சோறும் கறியும்தான் போகும். மகள் அபி சின்னவளாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் பீட்சா நாள் என்று கடுதாசி கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சோறு சாப்பிட வேண்டும். பீட்சாவை நான் ஒரு சாப்பாடாகவே எண்ணியதில்லை.

2

மூன்று வருடங்களுக்கு முன்பு, குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பிறகு நடந்தவை இந்த வருத்தம் வந்த எல்லா வீடுகளிலும் நடப்பவைதான். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள், ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். சத்திரசிகிச்சை, அதன்பிறகு கீமோ.

அபி அப்போது பிக்கரிங்கில் தோழி ஒருத்தியோடு தனியாக இருந்தாள். அங்கிருந்து ரயிலில் நகரத்துக்குப் போய் வேலை செய்தாள். மிசிசாகாவில் இருக்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் சொல்லி, பேச்சுத் தொடங்கியிருந்த நேரம் அது. அவனுடைய அம்மாவோடு நான் இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்று இவர் காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார்.

"இஞ்சேரும், இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். அபியின்ர விசயம் ஒப்பேறட்டும்."

"ஏன்?"

"பரம்பரை வருத்தம் எண்டு நினைப்பினம். பிள்ளைக்கும் வரும் எண்டுவினம். எங்கட சனத்தைத் தெரியாதே உமக்கு."

எனக்கும் தெரியும். நானும் அப்படிக் கதைத்த சனங்களில் ஒருத்திதான். ஓம் என்றேன். அபிக்கு வருத்தத்தைச் சொன்னோம், வெளியில் சொல்லாமல் வைத்திருக்கும் காரணத்தைச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பொறுத்தவரை எனக்கு முதுகு நோ. கோவிலில் யாராவது கேட்டால் இவர், "எழும்பி நடக்க ஏலாமல் கிடக்கு" என்பார். ஒரு பொய்யை நாலு பேருக்குச் சொன்ன பிறகு நானே முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு நாக்குச் செத்தது. காய்ச்சல் வந்தால் நாக்குச் செத்துப்போச்சு என்று நாங்கள் சும்மா சொல்வோம். இது அப்படியல்ல. சோறு நனைந்த கடதாசி. பால் சுண்ணாம்புத் தண்ணி. எதைக் குடித்தாலும் வாய்க்குள் ஒரு பழைய சில்லறைக் காசு கிடப்பதுபோல இருக்கும். அதைவிடக் கொடுமை மணம். கறித்தூள் போத்தலைத் திறந்தால் குமட்டியது. நானே வறுத்து, இடித்து, பெயர் எழுதி ஒட்டிவைத்த தூள். இவர் வெங்காயம் வதக்கினால் நான் மேலே போய்க் கதவைச் சாத்துவேன். கடைசியில் என் குசினிக்குள் நானே காலடி வைக்க முடியாமல் போனது.

இவர் சமைக்கப் பழகினார். கஞ்சி, ரசம், புட்டு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். ஆறின பிறகு எடுத்துக்கொண்டு போவார். சனிக்கிழமைகளில் அபி போத்தலில் சூப் கொண்டுவருவாள். "நான் செய்தது அம்மா, ட்ரை பண்ணுங்கோ" என்பாள். இரண்டு கரண்டி குடித்துக் காட்டிவிட்டு, அவள் போனபிறகு ஊற்றிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருவர் இருந்தார். இளம் பெண். எனக்கு இங்கிலீஷ் ஓரளவு விளங்கும், ஆனால் வாய்க்குள் இருக்கும் விசயத்தை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. அவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

"வணக்கம் அன்ரி. சாப்பாடு எப்பிடிப் போகுது எண்டு கேக்கினம்" என்றது ஒரு பெண் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல யாழ்ப்பாணத் தமிழ். அந்தக் குரலை எங்கேயோ கேட்டதுபோலவும் இருந்தது. கோவில் வகுப்பில் படிப்பித்த பிள்ளையோ, யாருடைய மருமகளோ. மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் சொல்ல மாட்டார்கள், கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள் என்று ஆலோசகர் முன்பே விளங்கப்படுத்தியிருந்தார். ஆனாலும் பயம் விடவில்லை.

"நல்லாச் சாப்பிடுறன்" என்றேன்.

"ருசி ஏதும் மாறியிருக்கோ எண்டு..."

"இல்லை, எல்லாம் நல்லாக் கிடக்கு."

ஆலோசகர் சந்தோசமாக எழுதிக்கொண்டார். அடுத்த அறையில் தராசு இருந்தது. அதில் ஏறியதும் தாதி என்னைப் பார்த்தார், இலக்கத்தைப் பார்த்தார், திரும்ப என்னை இறங்கி ஏறச் சொன்னார். டொக்டர் வந்து, நிறை இப்படியே இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டி வரும் என்றார். தள்ளிப்போடுவது நல்லதல்ல என்பதை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டோம்.

3

அன்று திரும்பி வரும்போது இவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இவருக்கு நீரிழிவு. காலையிலிருந்து என்னோடு அலைந்ததில் ஒன்றும் சாப்பிடவில்லை. லோரன்ஸ் வீதியில் முதலில் கண்ணில் பட்ட கடைத்தொகுதிக்குள் காரைத் திருப்பினார். அங்கே திறந்திருந்தது அந்தப் பீட்சாக் கடைதான்.

நான் காருக்குள் இருக்கிறேன் என்றேன். மாசி மாதக் குளிர். இவர் விடவில்லை. கதவைத் திறந்தபோது மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு போனேன். உள்ளே போன பிறகுதான் மூடத் தேவையில்லை என்று தெரிந்தது. மா வேகும் மணம், விறகுப் புகை, அவ்வளவுதான். குமட்டவில்லை.

ஆறேழு மேசைதான். லூசியா என்ற இத்தாலியப் பெண்மணி கல்லாவில் இருந்தார். சுவரில் படங்கள் இல்லை, பாட்டு இல்லை. பின்னால் செங்கல் அடுப்பு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இவர் பட்டியலைப் பார்த்து, இறைச்சி இல்லாததில் ஆகச் சின்னதைக் கேட்டார். தக்காளி, கொஞ்சம் வெண்ணிறச் சீஸ், இரண்டு மூன்று துளசி போன்ற இலை. தட்டைவிடப் பெரிதாக, ஓரம் பொங்கி, அங்கங்கே கருகி வந்தது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பெட்டியில் வரும் பீட்சாவோடு இதற்கு ஒரு சொந்தமும் இல்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்" என்றார் இவர், வழக்கம்போல.

ஆக்கினை தீரட்டும் என்று ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். முதலில் கைப்பு. கருகின இடம் போலும். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நாக்கில் ஏதோ ஒன்று பட்டது. பிறகு நடுப்பகுதியைக் கடித்தேன்.

"புளிக்குது" என்றேன்.

இவர் கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டார். "என்ன சொன்னனீர்?"

"தக்காளி புளிக்குது."

இவர் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன். மெதுவாக, ஆனால் நிறுத்தாமல். முக்கால்வாசியை நான்தான் முடித்தேன். கைநடுக்கத்தோடு வந்தவர் ஓரங்களை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை மறைத்து நின்ற ஒருவர் நெற்றியைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். நாற்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்ததும் எங்கள் ஆள் என்று விளங்கிவிட்டது.

"அக்கா, இன்னொண்டு போடட்டா?" என்றார். மட்டக்களப்புப் பேச்சு.

ரொறன்ரோவில் இத்தாலியன் கடைகளின் அடுப்படியில் எங்கள் ஆட்கள் நிற்பது புதினமில்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. தலையில் கட்டியிருந்த துணியைப் புருவம்வரை இழுத்தேன். இவர் எழும்பி, "வேண்டாம் தம்பி, அவசரமாப் போகவேணும்" என்று காசை மேசையில் வைத்தார். எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு முதல்முறையாக நான் வயிறாரச் சாப்பிட்ட இடத்திலிருந்து களவெடுத்தவர்கள் மாதிரி வெளியேறினோம்.

"மறுகா வாங்க அக்கா" என்று அவர் திரும்பவும் வரச் சொன்னது பின்னால் கேட்டது.

4

அந்தப் பக்கம் திரும்பப் போகவில்லை. ஆனால் புளிப்பும் கருகலும் நாக்கில் ஏறும் என்று தெரிந்துவிட்டதே. தமிழர் நிற்காத கடை வேண்டும் என்றார் இவர். தமிழர் நிறைந்த எங்கள் ஸ்காபரோவில் அப்படி ஒரு கடையைத் தேடித் திரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

இவரோடு வேலை செய்யும் மெக்சிக்கோக்காரர் ஒருவரிடம் விசாரித்தபோது, உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, நாங்கள் ஞாயிறு தோறும் மிசிசாகாவிலிருந்து கார் ஓடி வருகிறோம் என்றாராம். அதுதான் அந்தத் தோய்க்கும் கடைக்குப் பக்கத்துக் கடை. வருடக்கணக்காக அதைத் தாண்டித்தான் நான் பஸ் எடுத்திருக்கிறேன்.

போவதற்கு முன் தாதியிடம் கேட்டோம். சூடாகச் சமைத்ததை மட்டும் சாப்பிட வேண்டும், பச்சையாக எதையும் தொடக்கூடாது, அடுத்த மருந்துக்கு முந்தின கிழமைதான் நல்லது என்று சொல்லி அனுப்பினார்.

கடையை மார்த்தா என்ற பெண்ணும் அவருடைய கணவரும் நடத்தினார்கள். மார்த்தாவுக்கு என் வயதுதான் இருக்கும். சோளமாவை உருட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அமத்தி, தட்டையாகக் கல்லில் போடுவார். ரொட்டி பொங்கி அடங்கும்வரை கையால் திருப்புவார். இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பச்சை வேண்டாம், வெங்காயம் வேண்டாம், இலை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார். மார்த்தாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் இல்லை. கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். தலைத்துணியைப் பார்த்தார்.

"கீமியோ?" என்றார் மெதுவாக.

எங்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வீட்டில்கூட "மருந்து" என்றுதான் சொல்வோம்.

"ஓம்" என்றேன், தமிழில்.

அவர் தன் நெஞ்சில் கை வைத்து, "என் அக்கா" என்று இங்கிலீஷில் சொன்னார். அக்கா இருக்கிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவர் உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த சம்பல்களை எடுக்கவில்லை. பச்சைத் தக்காளி மாதிரி ஒரு காயை நெருப்பில் சுட்டு, மிளகாயோடு அரைத்து, சின்னச் சட்டியில் திரும்பக் கொதிக்க வைத்தார். எலுமிச்சையை நன்றாகக் கழுவித் துடைத்து என் முன்னால் வெட்டினார். ரொட்டியில் பொரித்த மீனை வைத்து, அந்தச் சம்பலை ஊற்றி, அந்தத் தேசிக்காயைப் பிழிந்து தந்தார்.

நெருப்பைத் தொட்டதுபோல நாக்குத் திடுக்கிட்டது. புளி, அதன் பின்னால் உறைப்பு. கண்ணால் தண்ணி ஓடியது. மார்த்தா பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

அதன்பிறகு மருந்துக்கு முந்தின கிழமை முழுவதும் அங்கேதான் மதியச் சாப்பாடு. மற்றக் கிழமைகளில் இவர் போய் அந்தச் சம்பலை மட்டும் சுடச்சுட வாங்கி வருவார். அவித்த உருளைக்கிழங்கிலும் முட்டையிலும் ஊற்றிச் சாப்பிடுவேன். தராசு இறங்குவதை நிறுத்தியது. என்ன சாப்பிடுகிறாய் என்று டொக்டர் கேட்டபோது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. "டாக்கோ" என்றேன். அவர் சிரித்துவிட்டு அப்படியே எழுதினார்.

இன்னொன்றும் நடந்தது. கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் நானும் இவரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டது மிகக் குறைவு. இவருக்கு ஒரு நேர வேலை, எனக்கு இன்னொரு நேர வேலை. நான் மூடி வைத்ததை இவர் திறந்து சாப்பிடுவார். இவர் சாப்பிடும் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் கடையில்தான் பார்த்தேன். உறைத்தால் இவர் வலது காதைத் தடவுவார். எனக்கு அது புதிது.

இவர் அங்கே வாயாடியாகவும் மாறினார். ஒருநாள் மார்த்தா மேசையைத் துடைத்துக்கொண்டு தன் கணவரிடம் "மேசா" என்று ஏதோ சொன்னார். இவர் நிமிர்ந்து, "மேசையோ?" என்றார். மேசா என்றார் அவர். இவர் காலைக் காட்டி, "சப்பாத்து?" என்று கேட்டார். சபாத்தோ. பாண்? பான். அலுமாரி? அர்மாரியோ. போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொற்களையும் ஸ்பானியர் அவர்களுக்கு விட்டுப்போன சொற்களையும் இரண்டு பேரும் மேசையில் பரப்பி விளையாடினார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் இந்தக் கடைக்கு வந்தோம் என்பதை இவர் மறந்தே போய்விட்டார்.

5

கடைசி மருந்துக்கு முந்தின சனிக்கிழமை அபி வந்தாள். அன்றைக்குச் சூப் இல்லை.

"வெளியில போவம் அம்மா. லோரன்ஸில ஒரு நல்ல பீட்சாக் கடை இருக்கு. ரியல் விறகு அடுப்பு."

எந்தக் கடை என்று தெரிந்தும் என்னால் மறுக்க முடியவில்லை. அவள் எங்களைக் கூட்டிக்கொண்டு போவதே குறைந்துபோயிருந்தது. வேலை, ரயில், தோழிகள், அந்தப் பையன் என்று அவளுடைய நாட்கள் நிரம்பியிருந்தன. பிக்கரிங் அரை மணி நேர ஓட்டம்தான். ஆனால் அவள் தொலைபேசியில் "சாப்பிட்டியளா?" என்று எழுதி அனுப்புவதும் நான் "ஓம்" என்று எழுதுவதுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே போய் இருந்ததும் அடுப்படியிலிருந்து அந்த மட்டக்களப்புக்காரர் பார்த்துவிட்டார். மாக் கையோடு வந்தார்.

"அக்கா, கனநாளாக் காணல்ல. அண்டைக்கு நீங்க எழும்பிப் போன மறுகா யோசிச்சன், கருக விட்டுட்டனோ எண்டு."

அவருக்குப் பீட்சாவைப் பற்றிய கவலை. இத்தனை மாதமாக நான் அவரை நினைத்துப் பயந்திருந்தேன். அவரோ தான் சுட்டது சரியில்லையோ என்று யோசித்திருக்கிறார்.

"இல்லைத் தம்பி. கருகினதுதான் நல்லாயிருந்தது. அதே மாதிரிப் போட்டுத் தாங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு போனார். அபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் இங்க வந்திருக்கிறியளா? ஏன் எழும்பிப் போனீங்கள்?"

இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"தமிழ் ஆள் எண்டு. ஆரும் பாத்தால் கதை பரவியிடும் எண்டு."

"பரவினால்?"

"உன்ர கலியாணப் பேச்சு நடக்குது. அவையள் என்ன நினைப்பினம்?"

அபி கையில் இருந்த முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, நான் அவனுக்கு முதல் கிழமையே சொல்லிட்டன். அவன்ர அம்மாவுக்கும் தெரியும்."

"எது?"

"எல்லாம். அவ உங்களோட கதைக்க வேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறா. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பிரைவேட்டா வச்சிருக்க விரும்புறீங்கள் எண்டு நான்தான் வேண்டாம் எண்டன்." பிறகு, "அந்தச் சூப் நான் செய்தது இல்லை. அவதான் ஒவ்வொரு சனியும் செய்து தாறவ. எனக்கெங்க அம்மா சூப் வைக்கத் தெரியும்?" என்றாள்.

யாருக்குத் தெரியக்கூடாது என்று முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேனோ, அவர் மிசிசாகாவில் எனக்காகச் சூப் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைக் குசினித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவேளையாகப் பீட்சா வந்தது. மூன்று பேரும் சூடு ஆறுவதற்குள் பிய்த்துச் சாப்பிட்டோம். அபி சின்ன வயதில் செய்ததுபோல் ஓரங்களை என் தட்டில் போட்டாள். அப்போதெல்லாம் அதற்குப் பேச்சு வாங்குவாள். அன்றைக்கு அவள் போட்டது எல்லாவற்றையும் நான் தின்றேன்.

பின்னேரம் நானே அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எடுக்கவோ விடவோ எண்டு எத்தினை நாள் போனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தனான் தெரியுமே" என்றார் அவர்.

"உங்கட சூப்பை நான் குடிக்கேல்லை. ஊத்திப்போட்டன். நாக்குச் செத்துப்போச்சு."

 மறுமுனையில் அவர் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப அது நல்லாயிருந்ததோ இல்லையோ எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். நானும் சிரித்தேன். கட்டி வந்த பிறகு வெளியாள் ஒருவரோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

6

மருந்து முடிந்து சில மாதங்களில் தலைமயிர் முளைத்தது. நாக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு காலை இவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, "என்ன இவ்வளவு சீனி?" என்றேன். இத்தனை நாளும் எனக்கு இனிப்புத் தெரியட்டும் என்று மூன்று கரண்டி போட்டுத் தந்திருக்கிறார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குசினிக்குள் போனேன். கறித்தூள் போத்தலைத் திறந்து, தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டப் பிடித்து மணந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அன்று பருப்பும் சோறும் சமைத்தேன். மிசிசாகாவிலிருந்து அந்த அம்மா வந்திருந்தார். சூப்பும் கொண்டுவந்தார். உப்புக் கொஞ்சம் கூட, மற்றப்படி நல்ல சூப். அபியின் கலியாணத்துக்கு நாள் வைத்தோம்.

இந்த அலுவல்களில் டாக்கோக் கடைப் பக்கம் போக முடியவில்லை. திரும்ப வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தேன். போன வருடம் இளவேனிலில்தான் நானும் இவரும் ஒரு நாள் மதியம் போனோம். மார்த்தா ரொட்டிக் கல்லை விட்டு ஓடிவந்து என் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார். பட்டியலை நீட்டவில்லை. நேரே உள்ளே போய் அந்தக் காயைச் சுட்டு, அரைத்து, கொதிக்க வைத்து, மீனோடு கொண்டுவந்து வைத்தார்.

முதல் கடியிலேயே பல் கூசியது. அப்படி ஒரு புளி. புளிக்கு மேலே உப்பு, உப்புக்கு மேலே உறைப்பு. இதையா நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன் என்றிருந்தது. மார்த்தா அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகவே செய்தது. அடுத்த கடியைக் கடித்து விழுங்கினேன். மூன்றாவதுக்கு முடியவில்லை. இவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார், சாப்பிடும் என்று.

மார்த்தா என் தட்டில் இருந்த சம்பலில் விரலைத் தொட்டு நக்கினார். அவர் முகமும் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்து, "இப்போது புளிக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் ஆட்டியிருப்பேன்.

அவர் தட்டை வெடுக்கென்று எடுத்தார். கணவரைக் கூப்பிட்டு ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்த்தா திரும்பி வந்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். தன் அக்காவுக்கும் கடைசிவரை இப்படிப் புளிப்பாகவே செய்து கொடுத்தாராம். இது புளிக்கிறது என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லையாம். இவ்வளவு காலமும் நீ சாப்பிட்டது எங்கள் சாப்பாடு அல்ல, அது மருந்துக்கு எதிராகச் செய்தது, எந்த மெக்சிக்கோக்காரரும் அதை வாயில் வைக்க மாட்டார் என்றார்.

சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நான் ஒருநாளும் தொடாத பாத்திரங்களுக்குள் கரண்டியை விட்டார். புது ரொட்டி. கரியில் வாட்டிய கோழி, கொதிக்க வைக்காத பச்சைச் சம்பல், பொடியாக வெட்டிய வெங்காயம், கொத்தமல்லி இலை. தேசிக்காய்த் துண்டை ஓரத்தில் வைத்து, வேண்டுமென்றால் நீயே பிழிந்துகொள் என்று கையால் காட்டினார்.

நான் தேசிக்காயைத் தொடவில்லை. ரொட்டியை மடித்துக் கடித்தேன். சோளத்தில் இலேசான இனிப்பு இருந்தது. இத்தனை தடவை சாப்பிட்டும் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. பச்சை வெங்காயம் நொறுங்கியது, மல்லி மணத்தது, உறைப்பு அவசரமில்லாமல் பின்னால் வந்தது. மார்த்தா எதிரே இருந்த கதிரையை இழுத்து இருந்துகொண்டார். கல்லில் கிடந்த ரொட்டி கருகுவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இவர் வலது காதைத் தடவிக்கொண்டு, "எப்பிடி?" என்று கேட்டார்.

என் வாய் நிறைய இருந்தது. கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டிவிட்டு மென்றுகொண்டே இருந்தேன்.